மெஷிரிச் ரஷ்யாவில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் பக்கத்தில், மாமூத் என்ற அழிந்துபோன யானையின் எலும்பால் கட்டிய பனியுக வீட்டைப் பற்றி 'எலும்பு வீடு' என்று அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பேரன் அதைச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தான். "ரஷ்யாவில் உள்ள மெழிரிச் என்ற பனிக் கிராமத்தில்" என்று அவன் ஆரம்பித்ததுமே எனக்குக் காபி புரையேறிவிட்டது. அந்த ஊர் ரஷ்யாவில் இல்லை, உக்ரைனில் இருக்கிறது. பெயர் மெழிரிச்சும் இல்லை, மெஷிரிச். நான் அங்கே ஒரு ராத்திரி தங்கியிருக்கிறேன்.

முதலில் பெயரைச் சரிசெய்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் இந்த ஊரை எழுதும்போது 'இசட், எச்' என்று இரண்டு எழுத்து சேர்ந்து வரும். தமிழனுக்கு அதைப் பார்த்ததும் கை தானாக 'ழ' போட்டுவிடும். தப்புச் சொல்ல முடியாது, நம் பழக்கம் அப்படி. ஆனால் அங்கே நம்முடைய ழகரம் கிடையாது. துணிக்கடையில் 'மெஷர்' பண்ணிக் கொடுங்கள் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த 'ஷ'தான். 'மெஷி' என்றால் இடையில். 'ரிச்' என்பது ஆறு என்ற சொல்லின் உருமாற்றம். இரண்டு ஆறுகளுக்கு இடையில் உள்ள ஊர். தமிழில் வைப்பதானால் இடையாறு என்று வைக்கலாம். இதே பெயரில் உக்ரைனில் வேறு ஊர்களும் உண்டு, ரிவ்னே மாகாணத்தில் ஒன்று, சுமி மாகாணத்தில் ஒன்று. எலும்பு வீடு கிடைத்த மெஷிரிச் செர்காசி மாகாணத்தில், கானிவ் என்ற சின்ன நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. தலைநகர் கீவிலிருந்து தென்கிழக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

அந்த இரண்டு ஆறுகள் ரோஸ், ரோசாவா. ரோஸ் மேற்கேயிருந்து வருகிறது, 346 கிலோமீட்டர் நீளம். கோர்சூன் ஊரைத் தாண்டியதும் வடக்கே திரும்பி, மெஷிரிச்சில் ரோசாவாவைச் சேர்த்துக்கொண்டு, அப்புறம் கிழக்கே போய் த்னிப்ரோவில் விழுகிறது. நாம் பள்ளிக்கூடத்தில் நீப்பர் என்று படித்த ஆறுதான் த்னிப்ரோ. இந்த ரோஸ் ஆற்றின் பெயரிலிருந்துதான் 'ரூஸ்' என்ற பழைய அரசின் பெயரே வந்தது என்று சோவியத் காலத்தில் சில வரலாற்று அறிஞர்கள் வாதாடினார்கள். ரஷ்யா என்ற பெயரும் அந்த ரூஸிலிருந்து வந்ததுதான். அந்த வாதத்தை ஏற்காதவர்களே அதிகம். இருந்தாலும் ரோஸ் கரையில் உள்ள ஊரைத் தூக்கி ரஷ்யாவில் வைத்தீர்களே, இதை நினைத்துச் சிரிப்புத்தான் வந்தது.

உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 1983இல் நான் மருத்துவம் படிக்க கீவுக்குப் போனபோது என் அம்மா தெருவெல்லாம் "என் மகன் ரஷ்யாவுக்குப் போயிருக்கான்" என்றுதான் சொன்னார். நானும் அப்படித்தான் சொன்னேன். நியூ செஞ்சுரி வேனில் பளபளக்கும் தாளில் மலிவாக வாங்கிய புத்தகமெல்லாம் எங்களுக்கு ரஷ்யப் புத்தகம். அந்தச் சோவியத் நாடே மொத்தமும் ரஷ்யா. திரும்பி வந்து கிளினிக் வைத்ததும் ஊர் எனக்கு 'ரஷ்யா டாக்டர்' என்று பெயர் வைத்தது. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அதே பெயர்தான். ஆட்டோக்காரருக்கு வழி சொல்லக்கூட அதுதான் வேண்டியிருக்கிறது.

மெஷிரிச்சுக்கு நான் போனது 1985 செப்டம்பரில். விடுதியில் என் அறைத்தோழன் அந்த ஊர்க்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீவில் லெனின் தெருவில் இருந்த இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். (அந்தத் தெருவுக்கு இப்போது போஹ்தான் ஹ்மெல்னித்ஸ்கி பெயர்.) அங்கே ஒரு கூடத்தில் மாமூத் யானையின் எலும்புகளைக் கோத்து நிறுத்திய வட்டக் குடிசை இருந்தது. "எங்கள் ஊர் வீடு" என்று சாதாரணமாகச் சொன்னான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். கீழே பலகையில் பார்த்தால் ஊர்ப்பெயர் இருந்தது.

அது கிடைத்த கதையை உங்கள் கட்டுரையில் 'ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தனர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கண்டுபிடித்தது ஒரு விவசாயி. 1965இல் அவர் தன் வீட்டு நிலவறையைக் கொஞ்சம் பெரிதாக்கத் தோண்டினார். கிட்டத்தட்ட 2 மீட்டர் ஆழத்தில் மண்வெட்டி எதிலோ மோதியது. பார்த்தால் ஒரு மாமூத்தின் கீழ்த்தாடை. அடுத்த ஆண்டு இவான் பிடோப்ளிச்கோ என்ற தொல்விலங்கியல் அறிஞர் வந்து முறைப்படி தோண்டினார். முதல் குடிசையில் மட்டும் 95 கீழ்த்தாடைகளைக் கவிழ்த்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி, பாய் முடைந்த மாதிரி அடுக்கியிருந்தார்கள். ஒரு மாமூத் மண்டையோட்டின் நெற்றியில் செங்காவியில் புள்ளியும் கோடுமாக வரைந்திருந்தது. பின்னால் வந்த ஆண்டுகளில் மேலும் மூன்று குடிசைகள் கிடைத்தன. நான்கிலும் சேர்த்து எலும்பை எண்ணிப் பார்த்ததில் குறைந்தது 149 மாமூத்துகள்.

இத்தனை யானைகளையும் கொன்றுதான் வீடு கட்டினார்கள் என்று கட்டுரை சொல்கிறது. குழந்தைகளுக்கு அது சுவாரஸ்யமாக இருக்கும், சரி. ஆனால் எலும்புகளை ஆராய்ந்தவர்கள் பலர் சொல்வது வேறு. நிறைய எலும்புகள், தானாகச் செத்து ஆற்றோரங்களில் குவிந்து கிடந்த மாமூத்துகளுடையவை. அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வேட்டையே ஆடவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 149ஐயும் ஈட்டியால் குத்தினார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

அதைவிட என்னை உறுத்தியது படம். எலும்பு வீட்டைச் சுற்றி நெருக்கமாகப் பைன் மரங்களை வரைந்திருக்கிறார் உங்கள் ஓவியர். மரம் இருந்தால் யாராவது எலும்பில் வீடு கட்டுவார்களா? அது பனியுகம். மரம் அரிதான, புல்லும் காற்றும் மட்டுமே உள்ள வெளி. அடுப்பெரிக்கக்கூட எலும்பைத்தான் எரித்திருக்கிறார்கள், அடுப்புக் குழிகளில் எலும்புச் சாம்பல் கிடைத்திருக்கிறது. காலமும் எப்போது என்றால், பழைய புத்தகங்களில் 15,000 ஆண்டு என்று போட்டிருப்பார்கள், இப்போதைய கணக்கில் சுமார் 18,000 ஆண்டு. கீவ் பக்கத்து அம்பர் மணியும், தெற்கே பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த சிப்பியும் அந்தக் குடிசைகளில் கிடைத்தன. ஒரு தந்தத் துண்டில் கோடு கோடாக ஏதோ செதுக்கியிருக்கிறது. ஆற்றங்கரையில் வரிசையாக வீடுகள் இருக்கும் வரைபடம் அது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியே ஆனால் உலகத்தின் பழைய வரைபடங்களில் ஒன்று. வரைந்தவருக்குத் தன் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அருங்காட்சியகம் பார்த்த அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பினோம். அந்தக் காலத்தில் வெளிநாட்டு மாணவன் நகர எல்லையைத் தாண்ட அனுமதி வாங்க வேண்டும். வாங்கவில்லை. கீவ் படகுத்துறையில் 'ராக்கெத்தா' என்ற விசைப்படகில் ஏறினோம். தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும் படகு அது. கானிவில் இறங்கி, கூட்டமான பஸ்ஸில் முகத்தை மப்ளரால் மூடிக்கொண்டு நின்றேன். செப்டம்பர் வெயிலில் மப்ளர் போட்டவனைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

கானிவில் கரைமேட்டைக் காட்டி, "அங்கேதான் தராஸ் இருக்கிறார்" என்றான் நண்பன். தராஸ் ஷெவ்செங்கோ, பண்ணையடிமையாகப் பிறந்து உக்ரைனின் மகாகவியானவர். த்னிப்ரோவைப் பார்த்த மேட்டில் தன்னைப் புதைக்கச் சொல்லியிருந்தார். 1861இல் பீட்டர்ஸ்பர்க்கில் இறந்தார், அதே ஆண்டு மே மாதம் உடலைக் கொண்டுவந்து இங்கே அடக்கம் செய்தார்கள். அதற்கு 2 ஆண்டு முன்பு இந்தக் கரையில் வீடு கட்ட நிலம் தேடி வந்தவரை, கடவுளைப் பழித்துப் பேசினார் என்று கைது செய்து அனுப்பியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது கிடைக்காத இடம்.

மெஷிரிச்சில் நாங்கள் தங்கியது நண்பனின் பாட்டி வீட்டில். வெள்ளையடித்த சுவர், நீலச் சன்னல் சட்டம், வாசலில் சூரியகாந்தி, முற்றத்தில் வாத்து. பாட்டிக்கு எழுபது வயது இருக்கும். இரண்டு வருடம் கஷ்டப்பட்டு ரஷ்ய மொழி கற்றிருந்தேன், நன்றாகவே பேசுவேன் என்று எனக்கு நினைப்பு. வீட்டுக்குள் நுழைந்ததும் பாட்டி, அடுப்பு மேடையைக் காட்டி, "பார்த்து உட்கார், அங்கே கீத் தூங்குகிறது" என்றார். ரஷ்ய மொழியில் 'கீத்' என்றால் திமிங்கிலம். அடுப்பு மேலே திமிங்கிலமா என்று திகைத்து நின்றேன். பழுப்பு நிறப் பூனை ஒன்று எழுந்து சோம்பல் முறித்தது. உக்ரைன் மொழியில் 'கீத்' பூனை. நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். பாட்டி சிரிக்கவில்லை. "பையனுக்கு நீங்கள் கீவில் என்ன பாஷைதான் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?" என்று அவனைக் கேட்டார். நான் ரொட்டிக்கு நன்றி என்று 'ஸ்பசீபா' சொன்னபோது, "இங்கே 'த்யாக்குயு' என்று சொல்லணும்" என்றார். எனக்கு நடந்த உக்ரைன் பாடம் மொத்தமே அவ்வளவுதான். இன்றைக்கும் மறக்கவில்லை.

அனுமதி இல்லாமல் வந்திருப்பதை நண்பன் சொன்னதும் பாட்டி என் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "உனக்காவது இது இருக்கிறது. எனக்கு அறுபது வயதுக்குக் கிட்டத்தில்தான் ஒன்று கொடுத்தார்கள்" என்றார். உண்மைதான். சோவியத்தில் கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கும் உள்நாட்டுப் பாஸ்போர்ட் உண்டு என்று முடிவானதே 1974இல். அது இல்லாமல் ஊரைவிட்டு நகரத்துக்குக் குடிபோவது கஷ்டம். அந்த இரண்டு ஆறுகளுக்கு நடுவிலேயே அவர் வாழ்க்கை முக்கால்வாசி கழிந்திருந்தது.

சாப்பாட்டுக்கு முன் உருளைக்கிழங்கு எடுத்துவர நிலவறைக்குள் என்னையும் இறக்கினார்கள். அதைப் 'போஹ்ரிப்' என்பார்கள். குனிந்து இறங்க ஒரு டஜன் படி. கையில் மெழுகுவர்த்தி. மேலே ஒரு முழத்துக்கும் அதிகமாகக் கன்னங்கரேலென்று மண். உக்ரைனின் பேர்போன கரிசல் அது. அதற்குக் கீழே திடீரென்று நிறம் மாறி, கடலைமாவு மாதிரி வெளிர்மஞ்சள். விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது, ஆனால் வெட்டிய சுவர் செங்குத்தாக அப்படியே நின்றது. பனியுகக் காற்று வாரிக்கொண்டு வந்து கொட்டிய தூசி அது, லோயஸ் என்பார்கள். மாமூத் எலும்பு அத்தனை ஆயிரம் ஆண்டு மட்காமல் இருந்ததும் இந்தத் தூசி மூடி வைத்ததால்தான். சுவரோரம் தக்காளி, வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகள், மணலில் புதைத்த கேரட், பீட்ரூட். நான் சுவரைச் சுரண்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து மேலேயிருந்து பாட்டி கத்தினார். "சுரண்டாதே! எலும்பு ஏதாவது வந்துவிட்டால் கீவிலிருந்து ஆட்கள் வந்துவிடுவார்கள். அப்புறம் என் உருளைக்கிழங்கை எங்கே வைப்பது?"

சாப்பிட்டு முடித்ததும் அவர் செய்த ஒரு காரியம் கண்ணிலேயே நிற்கிறது. மேசைத்துணியில் சிதறிக் கிடந்த ரொட்டித் துணுக்குகளை இடது உள்ளங்கையைக் குழித்துப் பிடித்து, வலது கை விளிம்பால் ஒன்றுவிடாமல் கூட்டிச் சேர்த்து, அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். என் தட்டின் பக்கமும் கை நீட்டிக் கூட்டினார். சிக்கனம் என்று நினைத்தேன். படுக்கும்போது கேட்டதற்கு நண்பன் "முப்பத்துமூன்று" என்று ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தான். வயதா, வீட்டு நம்பரா என்று எனக்குப் புரியவில்லை.

1932, 33இல் அங்கே வந்தது இயற்கையான பஞ்சம் இல்லை. தானியக் கொள்முதல் என்று வந்து, விதைத் தானியம்கூட வீட்டில் மிஞ்சாமல் வாரிக்கொண்டு போனார்கள். கூட்டுப்பண்ணை வயலில் கதிர் பொறுக்கினாலும் திருட்டு என்று 1932 ஆகஸ்டில் சட்டம் வந்தது. உக்ரைனில் செத்தவர்கள் 35 முதல் 40 லட்சம் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கணக்கு. இந்தப் பகுதி அப்போது கீவ் மாகாணத்தில் இருந்தது, மிக மோசமாக அடிபட்ட இரண்டு மாகாணங்களில் அது ஒன்று. ஆனால் 1985இல் அதைப் பற்றி வாய்திறந்து பேச முடியாது. உக்ரைன் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஷெர்பித்ஸ்கி அந்தப் பஞ்சத்தைப் பொதுமேடையில் முதன்முதலாக ஒப்புக்கொண்டதே 1987 டிசம்பரில்தான். அந்த வாரம் நண்பன் விடுதி அறையில் உட்கார்ந்து, பாட்டியின் இரண்டு தம்பிகளைப் பற்றி எனக்குச் சொன்னான். அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

மறுநாள் காலை அந்த விவசாயியின் முற்றத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். அப்புறம் ஆறுகள் சேரும் மேட்டுக்குப் போனோம். ரோஸ் அங்கே அகலமான ஆறு ஒன்றுமில்லை. நாணலும் வில்லோ மரமும், நடுவில் கரும்பச்சைத் தண்ணீரும். தூண்டில் போட்டுக்கொண்டு இரண்டு கிழவர்கள். ஆனால் அந்த மேட்டில் நின்றால் யார் எந்தப் பக்கம் வந்தாலும் தெரியும். 1032இல் கீவ் மன்னர் யாரொஸ்லாவ், புல்வெளிக் குதிரைப்படைகளைத் தடுக்க ரோஸ் நெடுகிலும் கோட்டை ஊர்கள் கட்டத் தொடங்கியதை பழைய ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு போரில் பிடித்துவந்த போலந்துக்காரர்களையும் இந்த ஆற்றங்கரையில்தான் குடியமர்த்தினார். 1944 ஜனவரி, பிப்ரவரியில் கானிவ் பக்கம் த்னிப்ரோக் கரையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஜெர்மன் படை கோர்சூன் வட்டாரத்தில் சுமார் 60,000 பேரோடு சுற்றிவளைக்கப்பட்டதும் இதே ரோஸ் பள்ளத்தாக்கில். ஓடை மாதிரி இருக்கும் ஆற்றுக்கு இத்தனை வேலை.

நான் திரும்பி வந்த திங்கட்கிழமையே கல்லூரியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். யாரோ சொல்லிவிட்டார்கள். எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். மறுபடி முறையாக அனுமதியோடு 1986 மே மாதம் போவதாக இருந்தோம். ஏப்ரல் 26இல் செர்னோபில் வெடித்தது, அதோடு எல்லாத் திட்டமும் போயிற்று. பாட்டி 1988இல் இறந்தார்.

நண்பன் இப்போது செர்காசியில் மருத்துவராக இருக்கிறான். 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்த பிறகு எங்களுக்குள் பேச்சு அதிகமாகிவிட்டது. 2024 மார்ச்சில் கானிவ் நீர்மின் நிலையத்தைக் குறிவைத்து ஏவுகணை வந்தபோது நான்தான் பயந்து போய்க் கூப்பிட்டேன். கரண்ட் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தான். மெஷிரிச் வீட்டை இன்னும் விற்கவில்லையாம். அவன் மகள் குழந்தைகளோடு கொஞ்ச நாள் அங்கே போய் இருந்தாளாம். சைரன் கேட்டால் அந்த நிலவறைக்குள்தான் இறங்கினார்களாம். ஜாடிகளை ஓரம் தள்ளிவிட்டுப் பெஞ்சு போட்டிருக்கிறான்.

உங்கள் கட்டுரையை அவனுக்குப் படம் எடுத்து அனுப்பி, தமிழில் எங்கள் பத்திரிகையில் உங்கள் ஊரைப் பற்றி வந்திருக்கிறது என்றேன். ரொம்பச் சந்தோஷம், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டான். எலும்பு வீட்டைப் பற்றி என்று மட்டும் சொன்னேன். முதல் வரியை நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

திருத்தம் போடுவதானால் வாசகர் கடிதப் பகுதியில் போடாமல் அந்தச் சிறுவர் பக்கத்திலேயே போடுங்கள். என் பேரன் கட்டுரையைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவிட்டான். கீழே நாலு விரற்கடை இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவர்,
தேவகோட்டை.

(பெயர் வெளியிட வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்றால் 'கீவ் டாக்டர்' என்று போடுங்கள்.)